பிரெஞ்சுக்காரருக்குச் செலுத்திய வெள்ளிக் கால்

கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி மாரியம்மன் கோயிலில் அம்மனுக்கு இடப்பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. கண்ணில் பூ விழுந்து தீர்ந்தவர்கள் செலுத்திய கண், எலும்பு முறிந்து கூடியவர்கள் செலுத்திய கை, பிள்ளை வரம் கேட்டவர்கள் செலுத்திய தொட்டில் என்று தகட்டில் செய்த உருக்கள் அதில் குவிந்து கிடக்கும். எல்லாம் நம் ஜனங்களுடையவை. ஒரே ஒரு கால் மட்டும் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்தது. இடது கால், வெள்ளி. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது என் மாமா அதைச் செலுத்தினார். பக்கத்தில் நின்று பார்த்த சாட்சி நான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். அப்பாவுக்கு நகரசபையில் துப்புரவு வேலை. மாமாவுக்கு பஜாரில் சுக்கு, மிளகு மூட்டை தூக்கும் வேலை. ஆனால் சுமைதூக்குவோர் சங்கத்துக் கார்டு கிடையாது. கார்டு உள்ளவர் யாராவது வராத நாளில்தான் மாமாவைக் கூப்பிடுவார்கள். பள்ளுருத்தியில் அவருக்கு ஒரு பெண் பார்த்து, இரண்டு வீட்டுக்கும் பிடித்துப் போயிருந்தது. பெண்ணின் அப்பா மட்டும் ஒரே பேச்சாக நின்றார்.

“கார்டு வரட்டும். அப்புறம் கல்யாணம்.”

கார்டு சும்மா வராது. சங்கத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முழு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிடங்கின் செங்குத்தான மரப்படியில் ஏறிக் காட்டவேண்டும். பங்குனித் திருவிழாவுக்கு முன்னால் அந்தப் பரீட்சை இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா அதை நினைத்து வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போட்டாள். மாமாவோ, வாயைத் திறந்தால் பிரெஞ்சுக்காரரைப் பற்றித்தான் பேசினார்.

அந்த வருஷம் எங்கள் ஊர் கால்பந்து டீமுக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் வந்திருந்தார். டிஃபன்டர். வயது முப்பத்தைந்துக்கு மேல். மொட்டைத் தலை, சிவப்புத் தாடி, வலது முழங்காலில் எப்போதும் ஒரு கட்டு. எங்கள் பக்கத்தில் கோல் அடிக்கிறவருக்குத்தான் மரியாதை. கோல் அடித்தவரின் படத்தை ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்து முக்கில் கட்டி, மாலையும் போடுவார்கள். கோல் விழாமல் பார்த்துக்கொள்கிறவரை யார் கண்டது? மாமா மட்டும் அவருக்கு ஒரு ஃபிளெக்ஸ் அடித்து எங்கள் சந்து முனையில் கட்டினார். கேட்டால் நியாயம் சொல்வார்.

“ஊருக்குள்ள எத்தனை சாமி இருந்தாலும் எல்லையில ஒருத்தர் அருவாளோட நிக்கிறாரே, எதுக்கு? அவரு கோலா அடிக்கிறாரு? உள்ள விடமாட்டாரு. அவ்வளவுதான். அதான் டிஃபன்டர்.”

தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு அம்மாள் அந்தச் சிவப்புத் தாடியையும் முறைப்பையும் பார்த்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை ஃபிளெக்ஸ் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றிவிட்டார். மாமா அவரைத் தடுக்கவில்லை. “ஏத்துக்கிடுவாரு” என்று மட்டும் சொன்னார்.

பிரெஞ்சுக்காரரின் சரித்திரத்தை மாமா கோயில் புராணம் போலச் சொல்வார். பிறந்தது நம் கொச்சி மாதிரி ஒரு துறைமுக ஊர். பதினாறு வயதில் பெரிய கிளப் ஒன்று, ஓட்டம் போதாது என்று திருப்பி அனுப்பியது. சின்ன கிளப்பில் சேர்ந்தார். அந்தக் கிளப் நொடித்துப் போனது. இன்னொன்றில் சேர்ந்தார், முழங்காலில் அறுவை. கிரேக்க நாட்டில் ஒரு வருஷம், சைப்ரசில் ஒரு வருஷம், வளைகுடாவில் வெயிலில் ஒரு வருஷம். மறுபடியும் அறுவை. இனி இவனால் ஆகாது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு கொச்சிக்கு வந்து சேர்ந்தார்.

“ஒரு இடத்துலயும் நிலைக்காதவன்னு சொல்லு” என்பாள் அம்மா, அரிசி களைந்தபடி.

“அக்கா, அவன்தான் இடம் மாறிட்டே இருந்தான். அவன் நின்ன இடத்துல பந்து மாறிப் போனதில்ல.”

சாயாக்கடைச் சேட்டனுக்கு மாமாவைச் சீண்டாவிட்டால் அன்றைக்குப் பால் திரிந்துபோகும். “எடா, நின்றெ பிரெஞ்சுக்காரன் ஓடுன்னதோ, அதோ ஊர்வலத்தில் நடக்குன்னதோ?” என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்பார். மாமா கோபித்துக்கொண்டு பாதிச் சாயாவோடு எழுந்து வந்துவிடுவார். பிறகு மீதிச் சாயாவுக்காகத் திரும்பிப் போவார்.

அந்தச் சமயத்தில்தான் மாமா பிரெஞ்சுக்காரர் மாதிரி நொண்ட ஆரம்பித்தார்.

முதலில் பார்த்தது நான்தான். மாடிப்படியில் பக்கவாட்டாக, கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி மறு காலை இழுத்து இறங்கினார். நான் பார்ப்பதைக் கண்டதும் சிரித்தார்.

“எப்படி இருக்கு? பிரெஞ்சு நடை!”

எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் நானும் நொண்டினேன். என்னைப் பார்த்து எதிர்வீட்டுப் பிள்ளைகளும் நொண்டின. ஒரு வாரத்தில் எங்கள் சந்தில் நேராக நடக்கிற குழந்தையே இல்லை. போலியோ சொட்டு மருந்து கொடுக்க வந்த அக்கா ஒரு நிமிஷம் திகைத்து நின்றுவிட்டார். அப்பா வேலை முடிந்து வந்து, “ஒரு வெள்ளைக்காரனுக்குக் கால் வலிச்சா இந்தத் தெருவே நொண்டணுமா?” என்று துடைப்பக்கட்டையைக் காட்டி எங்களை நேராக்கினார்.

எனக்கு ஒரு குறைதான் இருந்தது. “மாமா, அவருக்கு வலது கால்ல கட்டு. நீங்க இடது கால்ல நொண்டுறீங்க” என்றேன்.

மாமா என்னை ஃபிளெக்ஸ் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். “கட்டு எந்தப் பக்கம் இருக்கு?”

“நம்ம இடது கைப் பக்கம்.”

“அப்புறம்?”

படித்த பிள்ளையாக இருந்தும் நானும் சரிதான் என்று தலையாட்டினேன்.

சாயங்காலங்களில் மாமா டீமின் பயிற்சியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிப் பள்ளுருத்தி பஸ் ஏறுவார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்டுத் தெருவுல என்னடா சுத்தல்?” என்று கேட்பாள். மாமா சாமி சத்தியமாகப் பயிற்சிதான் என்பார். திரும்பி வரும்போது அவர்மேல் குப்பென்று தைல வாசனை அடிக்கும். “என்ன மாமா எண்ணெய்?” என்றால், “பிளேயர்ஸ் எல்லாம் தேய்ச்சிட்டுத்தான் இறங்குவாங்க. பக்கத்துல நின்னா ஒட்டிக்கும்” என்பார். பிரெஞ்சுக்காரருக்கு அவ்வளவு பக்கத்தில் நிற்கிற மாமா எனக்கு இருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டேன்.

முக்கியமான ஆட்டம் ஒன்று வந்தது. ஜெயித்தால் இறுதி ஆட்டம், தோற்றால் மூட்டை கட்டவேண்டியதுதான். பிரெஞ்சுக்காரரின் முழங்கால் மறுபடியும் வீங்கியிருக்கிறது, இறங்குவது சந்தேகம் என்று மலையாளப் பத்திரிகையில் போட்டிருந்தது. அன்றைக்கு மாமா என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போனார்.

பூசாரி உருத் தட்டை எடுத்து வந்தார். “எந்தக் கால்?”

“இடது” என்றார் மாமா.

“வலது!” என்றேன் நான்.

பூசாரி இருவரையும் பார்த்தார். மாமா தட்டில் கிடந்த கால்களைக் கிளறி, ஒரு இடது காலைப் பொறுக்கி எடுத்தார். “அம்மன் எதிர்ல உட்கார்ந்திருக்கா. அவளுக்கு எல்லாம் மாறித்தான் தெரியும். நீ பேசாம இரு, பாப்பா.”

“பேரு, நட்சத்திரம் சொல்லுங்க.”

“பேரு வாயில நுழையாது பூசாரி. பிரெஞ்சுக்காரன்னு சொன்னா அவளுக்குத் தெரியும். நட்சத்திரம் பூராடம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மாமா, அது உங்க நட்சத்திரமாச்சே!”

“அவனுக்கும் அதேதான்” என்றார் மாமா, என்னைப் பார்க்காமல்.

கடல் தாண்டிப் பிறந்தவருக்கும் எங்கள் மாமாவுக்கும் ஒரே நட்சத்திரம் என்பதில் எனக்குப் புல்லரித்துப் போனது. பூசாரி அர்ச்சனையில் ‘பிரெஞ்சுக்கார நாமதேயஸ்ய’ என்று தயங்காமல் சொன்னார். மாமா அந்த வெள்ளிக் காலை இரண்டு கையிலும் ஏந்திக் கண்ணை மூடிக்கொண்டார். “தாயே, இந்தக் கால் நின்னுச்சுன்னா பால்குடம் எடுத்து நடந்தே வரேன்.” அவர் கண்ணோரம் நனைந்திருந்தது. அந்நிய நாட்டுக்காரருக்காக இப்படி அழுகிற மனசு யாருக்கு வரும் என்று நினைத்து நானும் கொஞ்சம் அழுதேன்.

அம்மன் கேட்டாள். பிரெஞ்சுக்காரர் இறங்கினார்.

சாயாக்கடை டீவி முன்னால் சந்தே கூடியிருந்தது. மாமா இடது காலை பெஞ்சில் நீட்டி உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுக்காரர் அன்றைக்கு விளையாடியதைச் சொல்லவேண்டும். வந்த பந்தையெல்லாம் தலையால், நெஞ்சால், ஒருதரம் முகத்தாலும் தடுத்தார். சேட்டனே வாய் திறந்து, “கொள்ளாமெடா” என்று மெச்சினார். மாமா கழுத்தை நிமிர்த்தி நாலு பக்கமும் பார்த்தார். அப்பாவும் முண்டாசை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிர் டீமுக்கு ஒரு கார்னர். பந்து கூட்டத்துக்குள் விழுந்து, எங்கோ பட்டு, எங்கோ தெறித்து வந்தது. பிரெஞ்சுக்காரர் அதை வெளியே தள்ள இடது காலை நீட்டினார். பந்து அந்தக் காலில் சுத்தமாகப் பட்டு, அம்பு மாதிரி எங்கள் கோலுக்குள்ளேயே போனது. சேம் சைடு கோல்.

சேட்டன் பார்க்காமலே அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் எழுந்து நின்று சொன்னேன்.

“இடது கால்! அந்தக் காலுக்குத்தான் நாங்க உரு செலுத்தினோம்!”

பிறகு நடந்ததைச் சொல்லவேண்டியதில்லை. “வலது காலு நோவினு இடது காலினு நேர்ச்சயோ!” என்று சேட்டன் தலையில் அடித்துக்கொண்டார். ஊர் தோற்றதற்கு மாமாதான் காரணம் என்று தீர்ப்பாகிவிட்டது. மீன்காரர் மாமாவுக்கு மீன் தரமாட்டேன் என்றார். பத்து நாளைக்கு மாமா போகிற இடமெல்லாம் சிறுவர்கள் இடது காலைத் தூக்கிக் காட்டினார்கள். அம்மாவும் விடவில்லை. “சாமி என்ன பண்ணுவா? நீ எதுக்குக் கேட்டியோ அதுக்குக் கொடுத்தா. அந்தக் காலு எப்படி அடிச்சுது பாத்தியா!”

பிரெஞ்சுக்காரர் ஆட்டத்தை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறார் என்ற செய்தி வந்த அன்று மாமா அம்மாவிடம் சொன்னார்: “கோல் விழுந்த பிறகு அவன் ஓடி ஒளியலக்கா. எல்லாரும் போன பிறகும் கிரவுண்டுல நின்னு, கூப்பாடு போட்டவங்களைப் பார்த்துக் கை தட்டிட்டுத்தான் போனான்.” ஃபிளெக்ஸை யாரோ கிழிக்கப் பார்த்தபோது மாமா அவிழ்த்துக் கொண்டுவந்து எங்கள் கூரை ஒழுகும் இடத்தில் போட்டார். பிரெஞ்சுக்காரர் அங்கேயும் ஒரு சொட்டை உள்ளே விடவில்லை.

அந்த வாரமே கிடங்கில் பரீட்சை நடந்தது. அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, “மூட்டையோட விறுவிறுன்னு ஏறிட்டான், நிக்கக்கூட இல்ல” என்றார். கார்டு வந்தது. பள்ளுருத்தியில் நாள் குறித்தார்கள்.

பங்குனித் திருவிழா வந்தது. மாமா மஞ்சள் வேட்டி கட்டி, தோப்பும்படி முக்கிலிருந்து பால்குடம் எடுத்தார். வழியெல்லாம் சிரிப்பு. “தோத்துப் போனவனுக்கு என்னடா பால்குடம்?” என்று சேட்டன் கடை வாசலில் நின்று கேட்டார். கேட்டாலும், செருப்பைக் கழற்றிவிட்டு மாமாவின் காலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். எனக்கும் அதே கேள்விதான். கேட்டது கிடைத்தவர்கள்தானே நேர்த்திக்கடன் செலுத்துவார்கள்?

போன மாதம் என் மகனுக்குக் காது நோவு தீர்ந்து காது உரு செலுத்தப் போனபோது, மாமா கட்டிக்கொண்ட பள்ளுருத்தி அத்தையும் கூட வந்தார். கண்ணாடிப் பெட்டியைக் காட்டி அந்தப் பழைய கதையைச் சொல்லிச் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

“அது பிரெஞ்சுக்காரன் காலில்ல, மோளே. உங்க மாமா மூட்டையோட படியில விழுந்து இடது முட்டியப் பிசகிக்கிட்டாரு. தெரிஞ்சா கார்டும் போச்சு, கல்யாணமும் போச்சு. எங்க தெரு வைத்தியர் வீட்டுக்குள்ள நொண்டிக்கிட்டுப் போறதை நான் ஜன்னல்ல நின்னு தினம் பாப்பேன். எங்கப்பாகிட்ட சொல்லல. நானும் அம்மனுக்குத்தான் வேண்டிக்கிட்டேன்.”

திருவிழா அன்றைக்கு அந்த வெயிலில், மேளத்துக்குப் பின்னால் மாமாவோடு நடந்த எனக்கு இது எதுவும் தெரியாது. பால்குடம் தளும்பாமல், தார் ரோட்டில் வெறும் காலோடு அவர் நேராக நடந்துகொண்டிருந்தார். கொஞ்சம்கூட நொண்டவில்லை. பிரெஞ்சுக்காரர் ஊருக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அவருடைய நடையை மாமா மறந்துவிட்டாரே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அவருக்கென்று இந்த ஊரில் ஒருத்தியாவது இருக்கவேண்டும் என்று நினைத்து, கோயில் வாசல் வரைக்கும் நான் மட்டும் நொண்டிக்கொண்டே போனேன்.