ஹனீபாவுக்கு நான் கொடுத்த மன்னிப்பு

ஹனீபா உறங்கவில்லை. அவன் கண்ணயர்ந்ததால்தான் கார் கவிழ்ந்தது என்று நான் சொன்னது பொய். நம்பி ஓட முடியாத டயர் என்று தெரிந்தே வாங்கி, தெரிந்தே முன்சில்லில் பூட்டியவன் நான். காரில் வந்த பாத்தும்மாவின் உயிர் போனது; அந்த மௌத்துக்குக் காரணம் நான்!

இதை வாசிக்கிற உங்களிடம் முதலில் அதைச் சொல்லிவிட்டேன். இனி மற்றதைக் கேளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. கல்முனையில் எனக்கு ஒரு வாடகைக் கார் இருந்தது. சாய்ந்தமருது ஹனீபாதான் அதன் சாரதி. முன்டயர்கள் நூல் தெரியத் தேய்ந்துபோயின. அப்போது என் மூத்த மகளுக்குச் சீதன வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் நின்றது, கூரை இல்லை. டயரா, ஓடா என்று யோசித்தேன்... ஓடு என்றது மனம்.

பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டி விற்கும் ஒருவரிடம் போனேன். அவர் எதையும் ஒளிக்கவில்லை.

"காக்கா, இதுக்கு உத்தரவாதம் ஒண்டும் இல்ல. மாட்டு வண்டிக்குப் பூட்டினா நல்லா ஓடும். காருக்கெண்டா நான் பொறுப்பில்ல."

"வண்டிக்குத்தான்" என்றேன்.

என்னிடம் ஏது மாட்டு வண்டி? குறையைச் சொல்லி விற்றார் அவர். அவருடைய வியாபாரம் ஹலால். அந்தக் குறையை வாங்கி மூடி வைத்தவன் நானல்லவா!

ஹனீபா டயரைத் தடவிப் பார்த்தான். "மாப்புள மாதிரி மினுங்குது காக்கா! புதிசா?"

"ஓம், புதிசு."

"அப்ப இனி கார எடுக்கக்குள்ள பிஸ்மிய மெதுவாச் சொன்னாலும் காணும்!"

இருவரும் சிரித்தோம். யா அல்லாஹ்... நானும் சேர்ந்து சிரித்தேன்.

சில கிழமைகள்தான் கழிந்திருக்கும். மாவடிப்பள்ளியில் பாத்தும்மாவை ஏற்றிக்கொண்டு ஹனீபா கல்முனை ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தான். அவளுடைய மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பேரப்பிள்ளையைப் பார்க்கப் புறப்பட்டவள் அவள். நல்ல பகல். வயலோரத்தில் கார் இழுபட்டு வாய்க்காலுக்குள் கவிழ்ந்தது.

ஆள் வந்து சொல்ல ஓடினேன். அதற்குள் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முன்சில்லு சேற்றில் புதைந்திருந்தது. தார் ரோட்டில் ரப்பர் துண்டொன்று நீளமாகக் கிடந்தது. ஒட்டிய இடத்தில் அப்படியே கழன்றிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். எடுத்துச் சுருட்டிப் பற்றைக்குள் எறிந்தேன். கை நடுங்கவில்லை. அதுதான் இன்றும் என்னைப் பயமுறுத்துகிறது!

பாத்தும்மா மௌத்து. ஹனீபா தலையில் அடிபட்டுப் பிழைத்தான். நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை.

பொலிசில் என்னை விசாரித்தார்கள். "முதல்நாள் தூர ஹயர் போனவன்... கண்ணயந்திருப்பான்" என்றேன்.

நினைவில்லாதவன் மனதில் நான் ஒரு நினைவை வைத்தேன். அவன் அதை நம்பினான்! லைசன்ஸ் போனது. அதன்பின் அவன் ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை. ஒவ்வொரு அறுவடைக்கும் பாத்தும்மாவின் புருஷனுடைய வயலுக்குப் போய்க் கூலி வாங்காமல் வெட்டிக் கொடுத்தான்.

"டேய், அல்லாஹ்ட கத்ருடா இது, அவன் எழுதின விதி. நீ என்ன செய்வா? போ, வீட்ட போ!" என்று அந்த மனிதர் ஏசியும் போகமாட்டான்.

வருடங்கள் சென்றன. சவூதியில் வேலை செய்த தம்பி ஹனீபாவை ஹஜ்ஜுக்கு அழைத்தான். ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது எங்கள் ஊர் வழமை. ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு என் வாசலில் நின்றான். என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டான். விரலெல்லாம் அரிவாள் வெட்டுத் தழும்பு.

"காக்கா, ஒங்கட காரையும் நாசமாக்கி, பேரையும் கெடுத்துப் போட்டன். எனக்கு மாப்புத் தாங்க. நீங்க தராட்டி என்ட ஹஜ் என்னத்துக்கு?"

சொல்லியிருக்கலாம்... அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம்! வாயைத் திறந்தேன்.

"நான் எப்பவோ மன்னிச்சிட்டன்டா."

யாரை மன்னித்தேன்? எந்தக் குற்றத்துக்கு? அவன் விம்மி அழுது என் கையைக் கொஞ்சினான். கதவுக்குப் பின்னால் என் மனைவியும் அழுதாள். "ஒங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்றாள்.

ஹஜ் முடித்துத் திரும்பியவன், "உங்களுக்கும் சேத்துத்தான் அங்க துஆக் கேட்டன் காக்கா" என்றான். ஜும்ஆவில் அவன் தோள் என் தோளோடு முட்டும்போது தொழுகை எங்கோ போய்விடுகிறது. இப்போதும் அறுவடைக்கு அந்த வயலுக்குப் போகிறான்.

என்னை ஹஜ்ஜுக்கு அனுப்ப மகன்மார் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். போனால் மன்னிப்புக் கேட்டுப் படியேற வேண்டிய முதல் வீடு அவனுடையது. அடுத்தது மாவடிப்பள்ளியில், பாத்தும்மாவின் புருஷனுடையது. முழங்கால் நோகிறது என்று தட்டிக்கழிக்கிறேன்.

அடுத்த தெருவில் இருக்கிறவனிடம் சொல்லாததை, முகம் தெரியாத உங்களிடம் சொல்லியிருக்கிறேன். ஹனீபா புத்தகம் பத்திரிகை வாசிக்கிறவனில்லை. அந்தத் துணிவில்தான் எழுதினேனோ...?