ஹபிபுல்லாவின் ஐஸ் வியாபாரம்

பழவேற்காடு ஹபிபுல்லாவுக்கு மீன் வாங்கத் தெரியும், விற்கத் தெரியும். விற்காத மீனை என்ன செய்வது என்று மட்டும் தெரியாது. அப்படி ஒரு நாள் அவர் வியாபாரத்தில் வந்ததே இல்லை. 2020 மே மாதம் தினமும் வந்தது. கொரோனாவுக்காக மீன் மார்க்கெட்டை மூடிவிட்டார்கள். ஆனால் நாட்டின் பொருளாதாரம் படுத்துவிட்டது, இன்னும் விட்டால் எழுந்திருக்காது என்று தொழிற்சாலைகளை மட்டும் திறக்கச் சொன்னார்கள்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு போல்ட் கம்பெனி திறந்தது. வாசலில் எல்லோருக்கும் நெற்றிச் சூடு பார்க்க வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் கம்பெனியை மூட வேண்டும் என்பது நிபந்தனை. பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. கவரைப்பேட்டையிலிருந்து கத்திரி வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த நாற்பது பேருக்கும் கருவி நூற்றிரண்டுக்கு மேல் காட்டியது. செக்யூரிட்டி ஜெயராஜ் தன் நெற்றியிலும் வைத்துப் பார்த்தார். நூற்றிமூன்று.

அந்த நேரம் பார்த்து ஹபிபுல்லாவின் மினி லாரி விற்காத மீனோடு அவ்வழியே வந்தது.

"பாய், வண்டில இன்னா கீது?"

"வஞ்சிரம், கொடுவா. எத்தினி கிலோ போடட்டும்?"

"மீன நீயே வச்சிக்கோ. ஐஸ எடு."

நாற்பது பேரும் நெற்றியில் ஐஸ் தேய்த்து, மீன் வாடையோடு, காய்ச்சல் இல்லாமல் உள்ளே போனார்கள். மறுநாளிலிருந்து அதுவே ஏற்பாடு. மேனேஜர் ஐஸை மருத்துவச் செலவில் சேர்த்தார். ஹபிபுல்லா மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டார்.

"இன்னாங்க, வண்டில மீனையே காணோம்?" என்றாள் மனைவி மரியம் பீவி.

"மீனு வச்சா ஐஸு சீக்கிரம் கரஞ்சிடுது."

ஆனால் வண்டிக்கு பாஸ் கொடுத்திருந்தது மீனுக்குத்தான். அதனால் போலீசுக்குக் காட்ட ஒரே ஒரு கொடுவாவை மேலே கிடத்திவைத்தார். நான்காம் நாள் செக்போஸ்ட் காவலர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாய், இவர நான் முந்தாநேத்தே பாத்துட்டேன்" என்றார்.

ஆலைகள் மீண்டும் ஓடுவது நம்பிக்கை தருகிறது என்று டிவியில் நிபுணர்கள் பேசினார்கள். ஹபிபுல்லா பெருமையாகத் தலையாட்டினார்.

பிறகு ஒரு நாள் பேக்கிங் பிரிவு லோகு வந்தான். ஐஸ் வைத்தால் மற்றவர்கள் சுகமாகக் கண்ணை மூடுவார்கள். லோகுவுக்கோ பற்கள் தந்தியடித்தன.

"நெசமாவே ஜொரமாடா?"

"ஒரு கட்டி வச்சி உள்ள அனுப்பு பாய். லீவு போட்டா காண்ட்ராக்டர் வேற ஆள வச்சிக்குவாரு."

ஜெயராஜ் ஹபிபுல்லாவின் பக்கம் குனிந்தார். "இவனுக்கு ஜொரம்னு சொன்னா கம்பெனிய மூடணும் பாய். அப்பால உன் ஐஸ யாரு வாங்குவா?"

வாங்க ஆளில்லை என்பது ஹபிபுல்லாவுக்கும் தெரியும். இந்த வாசலை விட்டால் அவருக்கு வேறு வாசல் இல்லை. ஐஸ் பெட்டியை ஒருமுறை பார்த்தார். மூடியைச் சாத்தினார்.

"கேட்ட மூடு ஜெயராஜு. உள்ள அத்தினி பேரு கீறாங்க."

லோகுவை வண்டியின் பின்னால் ஏற்றி, பக்கத்து ஊர் கொரோனா ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். உட்கார முடியாத லோகு வழி முழுக்க ஐஸ் பெட்டியில் நெற்றியைச் சாய்த்தபடி வந்தான். ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு செக்யூரிட்டி, ஒரு கருவி.

"தொண்ணூத்தி நாலு. ஜொரமெல்லாம் ஒண்ணும் இல்ல, கெளம்பு. ஜொரம் கீறவங்கள மட்டுந்தான் உள்ள உடணும்னு ஆர்டரு."

"சார், அது ஐஸு சார்! ஒடம்பு கொதிக்குது!"

"மிஷின் பொய் சொல்லுமா?"

ஹபிபுல்லா லோகுவைக் கைத்தாங்கலாக வெயிலுக்கு நகர்த்தினார். "கொஞ்சம் நில்லுடா. ஏறட்டும்." பையன் விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு தானும் வெயிலில் நின்றார். கொஞ்ச நேரத்தில் லோகுவுக்கு நூற்றிமூன்று காட்டியது. செக்யூரிட்டி பதறிப்போய்க் கதவைத் திறந்தார். லோகுவை உள்ளே விட்டதும் கருவியை ஹபிபுல்லாவின் நெற்றிக்குத் திருப்பினார்.

"பாய், உனக்கும் நூத்திரெண்டு. நீயும் உள்ள போ."

"எனக்கு வெயிலு சார்!"

"வர்றவங்க எல்லாம் அதத்தான் சொல்றாங்க" என்று அவரையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார் செக்யூரிட்டி.