பச்சைப் பென்சில் வீரையன்

ஹிட்லருக்கே டீ ஆற்றிக் கொடுத்தவர் வீரையன் என்று ஒரத்தநாடு மாட்டுச்சந்தையில் ஒரு தரகர் சொன்னாராம். அதைக் கேட்டவர் பட்டுக்கோட்டை பஸ்ஸில் இன்னொருவரிடம் சொல்ல, ஊருக்கு வந்து சேரும்போது டீ காப்பியாகி, கூடவே இரண்டு போண்டாவும் சேர்ந்திருந்தது.

வீரையன் மறுப்பதில்லை. ஊர்த் தலையாரிக்கு இந்தக் கௌரவம் சும்மா கிடைக்குமா? நடந்தது இதுதான். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குச் சமைக்கப் போனவர் லிபியா பாலைவனத்தில் பிடிபட்டு, பெர்லினில் வெளியுறவு இலாகா கட்டடத்தில் நிலக்கரி சுமந்தார். அறைக்கு அறை காகிதக் கட்டு கொண்டுபோனார். ஜெர்மன் பாஷை கடைசிவரை பிடிபடவில்லை. பென்சிலின் நிறம் பிடிபட்டது.

மந்திரிக்குப் பச்சை. அடுத்தவருக்குச் சிவப்பு. இறங்க இறங்க நீலம், பழுப்பு. யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. மேலே என்ன நிறம் என்று பார்த்து, கீழே தன் நிறத்தில் ஒரு கிறுக்கு.

"ரொம்ப மரியாதையான மனுசங்க" என்பார் டீக்கடையில். "நாயைக்கூட அதட்ட மாட்டாங்க. அந்தக் கிறுக்குல ஊர் ஊரா ஜனங்களைக் குழந்தைகுட்டியோட ரயில்ல ஏத்திட்டாங்க. ஒருத்தரும் திரும்பி வரலை. பின்னாடி கேட்டா, யாரும் அனுப்பலியாம். காகிதத்தைப் பார்த்தாங்களாம், அவ்வளவுதான்." பிறகு, "நானும்தான் அந்தக் காகிதத்தைச் சுமந்தேன்" என்பார். அத்தோடு டீ ஆறிவிடும்.

குண்டு விழுந்து கட்டடம் இடிந்த அன்று, செங்கல் குவியலில் கிடந்த பச்சைப் பென்சில் ஒன்றை எடுத்து மடியில் செருகினார். அதைச் சீவ வேளை வந்தது எழுபத்திரண்டாம் வருஷத்தில்.

குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்திருந்த நேரம். மிராசுதார் இராஜாங்கத்தின் தென்னந்தோப்பு ஓரத்தில், அவர் வயலில் நடவு நடும் காத்தாயியின் குடிசை. அவருக்கோ ரைஸ் மில்லுக்கு லாரி போக அதே இடம் வேண்டும். ஊரின் நிலக்கணக்கு எழுதும் கர்ணம் நாகநாதன், அங்கே குடிசையே இல்லை என்று அறிக்கை எழுதிவிட்டார்.

"அண்ணே, என் வீடு இல்லைன்னு எழுதியிருக்காங்களாமே" என்றாள் காத்தாயி. "அப்ப நேத்து மழையில ஒழுகினது எது?"

கர்ணம் வீரையனைக் கூப்பிட்டார். "நேரில் பார்த்தேன்னு ஓரத்துல ஒரு கையெழுத்துப் போடுடா. எழுதினது நான்தானே, உனக்கென்ன?"

"அங்கேயும் இப்படித்தாங்க சொன்னாங்க."

"எங்கே?"

"பெர்லின்லங்க."

"ஆரம்பிச்சிட்டான்யா! போட்டு நீயே தாலுகா ஆபீசுல சேர்த்துடு. போடலேன்னா நாளைக்கு வேற தலையாரி."

போட்டால் காத்தாயிக்கு வீடு போகும். போடாவிட்டால் வீரையனுக்கு வேலை போகும். கல்லணைக் கால்வாய்க் கரையில் சைக்கிளைச் சாத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பென்சிலைச் சீவி, அறிக்கையின் ஓரத்தில் பச்சையாக எழுதினார்: 'பார்த்தேன். குடிசை இருக்கிறது. மனை காத்தாயிக்கே.' கீழே 'வீ' என்று ஒரு சுழி. பொய் ஒரு எழுத்து இல்லை.

இங்கேயும் பச்சை என்றால் பெரிய அதிகாரிதான். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பச்சையைப் பார்த்ததும் எழுந்து நின்று, கீழே ஒரு கிறுக்குப் போட்டார். ஹெட்கிளார்க் அதற்குக் கீழே. கலெக்டரே சொல்லிவிட்டார் என்று நினைத்துத் தாசில்தாரும் போட்டார். பட்டா தயாராகி, அந்த அறிக்கையோடு ஊருக்கு வந்தது. தாசில்தார் கையெழுத்தைப் பார்த்த கர்ணம், படிக்காமலே அறிக்கையில் தானும் ஒன்று போட்டு, "கொடுத்துடு" என்று பட்டாவை வீரையனிடம் தந்தார்.

காத்தாயி பட்டாவை அரிசிப் பானைக்குள் வைத்து மூடிய அன்று மத்தியானம், இராஜாங்கத்தின் கூடத்தில் அவரும் கர்ணமும் வீரையனும் நின்றார்கள். கர்ணம் அப்போதுதான் அறிக்கையைப் படித்திருந்தார்.

"யார்டா அந்த 'வீ'?"

"நான்தாங்க. கையெழுத்துப் போடச் சொன்னீங்களே."

"பச்சையில போடச் சொன்னேனா?"

"கலர் சொல்லலீங்க."

"ஏன்யா, அதுக்குக் கீழே உன் கையெழுத்தும் இருக்கே!" என்று கர்ணத்தின் மேல் பாய்ந்தார் இராஜாங்கம்.

"நான் பார்த்தேன், அவ்வளவுதாங்க" என்றார் கர்ணம்.

வீரையன் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். இதே குரலை எங்கோ கேட்டிருக்கிறார்.

அப்போது கூடத்து மூலையில் இருந்த, ஊரின் ஒரே டெலிபோன் மணியடித்தது.

"தாலுகா ஆபீசாத்தான் இருக்கும். எடுய்யா" என்றார் இராஜாங்கம்.

"உங்க வீட்டு போனுங்க, நீங்களே எடுங்க" என்றார் கர்ணம்.

"நீ எடுடா, வீரையா!"

"எடுக்கிறேங்க. என்ன சொல்லணும்னு எழுதி, ரெண்டு பேரும் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்று மடியிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார் வீரையன்.

இருவரும் ஒரு அடி பின்னால் போனார்கள். மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.