நாங்களும் பர்னாந்துதான்

கருவாடு மடிக்க வாங்கிய பழைய பேப்பரின் வாடையும் சோற்றுப் பசையின் புளிப்பும் சேர்ந்து வந்தால், பட்டினப்பாக்கத்து எங்கள் வீட்டில் நைனா கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். தாத்தா காலத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தவர்கள் நாங்கள்; குடும்பப் பெயர் பர்னாந்து. அந்தப் பெயரோடு யார் படம் வந்தாலும், நீதிபதியோ ஹாக்கி வீரரோ பிஷப்போ, வெட்டி ஒரு நோட்டில் ஒட்டிவிடுவார். "அல்லாரும் நம்ம ஆளுங்கதான்" என்பார். அம்மா மீன் அலசிக்கொண்டே, "ஆமா, நாளைக்கு விருந்துக்கு வராங்க, எல போடு" என்று வாருவாள். எனக்கோ பெருமை தாங்காது, தெருச் சண்டையில் "எங்க பெரியப்பா ஜட்ஜு, தெரியுமா?" என்று எகிறுவேன்.

ஐந்தாவது முடித்ததும், சாந்தோம் பக்கத்துக் கான்வென்ட் ஒன்றில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அங்கே தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டரும் பர்னாந்து. நைனாவுக்கு அது போதாதா! வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அன்று வலையில் விழுந்த வஞ்சிரத்தில் பெரியதைப் போட்ட பை ஒரு கையிலும் நோட்டு இன்னொரு கையிலுமாக, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர் மாதிரியே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

சிஸ்டர் நோட்டைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "இவங்கள்லாம் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

"உறவு இன்னா சிஸ்டர், பேரு ஒண்ணா கீதே! உங்களுக்கும் இவ பொண்ணு மாதிரிதானே" என்றார் நைனா.

சிஸ்டர் கோபிக்கவில்லை. அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் கொடுத்த போர்ச்சுகீசியர்கள் கடற்கரை ஊர்களில் எத்தனையோ பேருக்கு இதே பெயரை வைத்துவிட்டுப் போனார்கள் என்று விளக்கினார். "பேர் ஒண்ணுங்கறதால சொந்தமாயிட முடியாதுங்க. இடமும் இல்ல" என்று சொல்லி மீனையும் திருப்பிக் கொடுத்தார். நைனா அதற்கும் ஒரு கும்பிடு போட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மறுவாரம் கார்ப்பரேஷன் பள்ளியில் டீச்சர் பெயர் கேட்டபோது, நைனா பக்கத்தில் நிற்கும்போதே, "வெறும் எம். ஸ்டெல்லா டீச்சர். பர்னாந்து வாணாம்" என்றேன். நைனா, டீச்சர் காட்டிய இடத்தில் மிக்கேல் பர்னாந்து என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அவர் எதையும் வெட்டி ஒட்டியதாக நினைவில்லை. அந்த சிஸ்டரைவிட நான்தான் அவரை அதிகம் நோகடித்தேன். பாவி, அது புரியவே எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

பட்டினப்பாக்கத்தில் நாங்கள் இருந்த குடியிருப்பு இப்போது இல்லை. எங்களை நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கத்து அரசு அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். கடல் தெரியாத அந்த மாடி வீட்டில்தான் நைனா போய்ச்சேர்ந்தார்.

போன மாதம் அடையாற்றில், மகளின் பள்ளி விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் பர்னாந்து என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்த அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பர்னாந்தா? இங்க பெரிய டாக்டர் ஒருத்தர் இருக்காரே, அவர் ஃபேமிலியா மேடம்?"

"இல்ல சார். பட்டினப்பாக்கத்துல கட்டுமரம் விட்டாரே மிக்கேல் பர்னாந்து, அவர் ஃபேமிலி."

"அது யாரு?" என்றார்.

சொல்ல ஆரம்பித்தேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது, முணுமுணுக்கட்டும்.