கரம் தீர்த்த ரசீது

எங்கள் வீட்டில் எந்த பில்லுக்கும் அபராதம் விழுந்ததில்லை. அம்மாவின் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

பில்களைக் கவனித்துக்கொண்டது அத்தை. அப்பாவின் அக்கா, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், எல்லைக்கு இந்தப்பக்கம் கேரளத்துப் பாறசாலையில் தினமும் ரயிலேறி வேலைக்குப் போய்வருபவள். அப்பா வெளிநாட்டில் இருந்தார். நாங்கள் குடியிருந்த வீடு அத்தையின் பேரில் இருந்தது. கரண்டு, தண்ணீர், கேஸ், நிலவரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. மேலே கடைசித் தேதி. மீட்டர் பார்ப்பவர் கேட்டைத் தாண்டுவதற்குள் பில் உறைக்குள் போயிருக்கும்.

அம்மா களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டிலிருந்து வாழ வந்தவள். மலையாளம் சரளமாகப் பேசுவாள். அதில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. அதனால் நாலாம் வகுப்புக்காரியான நான் அவளுடைய ஒற்றராக நியமனம் பெற்றேன். அத்தை ரயிலுக்குக் கிளம்பியதும் உறைகள் அலமாரியிலிருந்து இறங்கும்.

"சும்மா ஒருத்தி இப்பிடி ஒழுங்கா பில்லு கெட்டமாட்டா மக்கா. உள்ள என்னமோ உண்டு. நல்லா வாசிச்சுப் பாரு."

வாசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

ஒரு நாள் அகப்பட்டது. நிலவரி உறை காலி. வரி கட்டியதற்கான அந்த ரசீதைக் கரம் தீர்த்த ரசீது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ போகிறவர் முதலில் எடுப்பது அதைத்தான். முந்தின நாள் அத்தை லீவு. அவளுடைய இன்னொரு பையைத் துழாவினேன். தாலுகா ஆபீஸ் இருக்கும் நெய்யாற்றின்கரைக்குப் போன பஸ் டிக்கெட் கிடைத்தது. வீடு போயிற்று என்று நாங்கள் இருவரும் தீர்ப்பெழுதிவிட்டோம்.

சாயங்காலம் அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் அம்மா கேட்டுவிட்டாள்.

"எங்கள ரோட்டுல எறக்கவாக்கும் நெனப்பு, மைனி?"

அத்தை என்னைத்தான் பார்த்தாள். "ரசீது ஒரு ஆளுக்குத் தேவப்பட்டுது, குடுத்தேன். வீடு எங்கயும் போவாது."

"ஆருக்கு?"

"அத மட்டும் கேக்காத."

அம்மா நாலு வீடு கேட்க அழுதாள். அத்தை உறைகள் அத்தனையையும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த கரண்டு பில்லுக்கே நாங்கள் அபராதம் கட்டினோம். ரசீது சில நாளில் திரும்பி வந்தது. இருவருக்கும் பேச்சு மட்டும் திரும்பவில்லை.

நான் கல்லூரிக்குப் போன பிறகு மாமாதான் விஷயத்தைச் சொன்னார். மாமா அம்மாவின் ஒரே தம்பி, மினிலாரி ஓட்டுபவர். ரசீது காணாமல் போன அந்த வாரம் அவர் சென்னைக்கு லோடு போயிருப்பதாக அம்மா நம்பியிருந்தாள். அவரோ ரேஷன் அரிசியோடு எல்லையில் பிடிபட்டு நெய்யாற்றின்கரை ஜெயிலில் இருந்தார். தமிழ்நாட்டுக்காரருக்கு ஜாமீன் நிற்க, இங்கே நிலமுள்ள ஒருவர் கரம் தீர்த்த ரசீதோடு கோர்ட்டுக்கு வர வேண்டும். அத்தைக்கு ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறார். லீவு போட்டுப் போய் ஜாமீன் நின்ற அவளிடம், அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டாராம்.

நான் நாலாம் வகுப்பிலிருந்த அந்த நாட்களில், அவர் வெளியே வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அத்தை வீட்டை விற்கப் பார்த்த கதையை அம்மா முதலிலிருந்து அவரிடம் சொன்னாள். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்நேரம் அத்தை உள்ளே வந்தாள். மாமா சட்டென்று எழுந்து நின்றார்.

"இரியும்," என்று அவரை உட்காரச் சொல்லிவிட்டு அத்தை சாயா போடப் போனாள்.

"எலே, அவளுக்குப் போயி நீ எதுக்கு எழும்புத?" என்று அம்மா கேட்டாள். அத்தை உள்ளே போன பிறகும் மாமா உட்காரவில்லை. பாவம், மாமாவுக்கும் அத்தையிடம் பயம் என்று நினைத்து, நான் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.