அழாத பிள்ளையின் அப்பா

பெற்றோர் என்கிற வேலையில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி வழியாகச் சேருவார்கள். நானும் என் மனைவி வத்சலாவும் டொராண்டோ விமான நிலையத்தின் வருகை வாசல் வழியாகச் சேர்ந்தோம். எழுபதுகளின் நடுவில், ஒரு ஜனவரி மாதம், சென்னையிலுள்ள ஓர் அனாதை இல்லத்திலிருந்து பத்து மாதப் பெண் குழந்தை எங்களுக்கு மகளாக வந்தாள். பெயர் பவானி. பிள்ளையால் தூக்கத்தைத் தொலைத்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எங்கள் கஷ்டம் கொஞ்சம் வேறு மாதிரி. ஆரம்பத்தில் நாங்கள் நன்றாகத் தூங்கினோம்.

பெரிய உடுப்பு

பவானியைத் தூக்கி வந்தவர் சென்னையைச் சேர்ந்த ஒரு நர்ஸ் அம்மா. இங்கே தம்பி வீட்டுக்கு வருகிறவர், குழந்தையையும் கொண்டுவந்து சேர்க்க ஒப்புக்கொண்டிருந்தார். வத்சலா பால் புட்டி, கிலுகிலுப்பை, பனிக்கால உடுப்பு என்று ஒரு பை நிறையச் சாமான்களோடு நின்றாள். உடுப்பு மட்டும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு உரியது. அளவு தெரியாமல் நான் வாங்கியது. அதற்குள் பவானியைப் போட்டு ஜிப்பை இழுத்ததும் கைகள் இரண்டும் உள்ளே எங்கோ காணாமல் போயின.

வேறு குழந்தையாக இருந்தால் விமான நிலையத்தையே இரண்டாக்கியிருக்கும். பவானி எங்களைப் பார்த்தாள். கூரையிலிருந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு சும்மா இருந்தாள். நர்ஸ் அம்மா பெருமையாகச் சொன்னார்: "ஒரு தொந்தரவும் கிடையாதுங்க. பக்கத்து சீட்டுக்காரர், குழந்தை இருக்குன்னே இறங்கும்போதுதான் பார்த்தாரு!"

லொத்தர்

டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீடு பூமணி அக்காவுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், மூன்று பையன்கள். அந்த வீட்டுச் சத்தம் சுவரைத் தாண்டி வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்காரும். பவானியைப் பார்க்கத் தட்டை வடையோடு வந்த அக்கா, ஒரு மணி நேரம் இருந்தும் சிணுங்கல்கூடக் கேட்காததில் அசந்துபோனார். லாட்டரி அவர் வாயில் லொத்தர். "தங்கச்சி, உங்களுக்கு லொத்தர் விழுந்திருக்கு. உந்தப் பிள்ளையைத் தந்திட்டு என்ர மூண்டையும் எடுங்கோவன்!"

டாக்டரின் மணி

அக்கா போன பிறகு வத்சலா சிரிக்கவில்லை. துணி நனைந்தாலும் பவானி அழுவதில்லை. பால் நேரம் தவறினாலும் அழுவதில்லை. காலையில் போய்ப் பார்த்தால், தொட்டிலில் விழித்தபடி தன் விரல்களை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருப்பாள். எப்போது விழித்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. "நான் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான். நான் வேணும்னே அவளுக்குத் தோணலையே" என்றாள் வத்சலா. காதில் கோளாறோ என்று ஒரு பயம். டாக்டரிடம் கொண்டுபோனோம்.

டாக்டர் வயதானவர். பவானியின் முதுகுப் பக்கம் ஒரு சின்ன மணியை ஆட்டினார். உடனே திரும்பினாள். தொண்டையைப் பார்த்தார், அதுவும் சரி. பிறகு, அந்த இல்லத்தில் குழந்தைகளை எப்படி வைத்திருந்தார்கள் என்று கேட்டார். எங்களுக்கு வந்த புகைப்படத்தில் பார்த்ததைச் சொன்னேன்: கூடம் நிறைய வரிசையாகத் தொட்டில்கள், நடுவே இரண்டே இரண்டு ஆயாக்கள், பாவம். டாக்டர் மணியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அழுதால் ஆள் வரும் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அவள் அழக் காத்திருக்காதீர்கள், அசைந்தாலே ஓடுங்கள்."

தீயணைப்புப் படை

ஓடினோம். போர்வை சரசரத்தால் ஓட்டம். கொட்டாவி விட்டால் ஓட்டம். நான் ஆபீஸ் போனபின் வத்சலா தனியாக ஓடுவாள். சனி ஞாயிறுகளில் இரண்டு பேருமாக ஓடிக் கதவிடுக்கில் மோதிக்கொள்வோம். குழந்தை கூப்பிடாமலே போய் நின்று, "இதோ வந்துட்டேன்!" என்று சொல்லும் வேலை அது. நாட்டிலேயே நாங்கள்தான் அதைச் செய்திருப்போம்.

ஒரு சனிக்கிழமை ஹீட்டரைப் பழுது பார்க்கக் கட்டடத்துப் பராமரிப்புக்காரர் வந்திருந்தார். ஸ்காட்லாந்துக்காரர்; நிதானமான மனிதர். உள்ளறையில் பவானி லேசாகத் தும்மினாள். நான் கையிலிருந்த தேநீரோடும், வத்சலா மாவுக் கையோடும் பாய்ந்தோம். அவர் திருப்புளியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். "எங்கே ஐயா தீ?"

பட்டாணி டப்பா

பனி உருகத் தொடங்கியிருந்தது. ஸ்காபரோவில் ஒரு பெரிய பலசரக்குக் கடை. வத்சலா ரொட்டி இருக்கும் பக்கம் போயிருந்தாள். தள்ளுவண்டியில் பவானி. பட்டாணி டப்பா எடுக்க அலமாரியின் அந்தப் பக்கம் திரும்பினேன். அவ்வளவுதான், அவள் கண்ணுக்கு நான் மறைந்துவிட்டேன்.

ஒரு சத்தம் கேட்டது. முதலில் ஏதோ இயந்திரம் என்றுதான் நினைத்தேன். அப்படி ஒரு குரலை எங்கள் வீட்டில் கேட்டதில்லை. கல்லாவிலிருந்த பெண், "யாருடைய குழந்தை இது?" என்று கத்தினாள். "என்னுடையது! என்னுடையது!" என்று நானும் கத்திக்கொண்டே ஓடினேன். முகம் சிவக்க, இரண்டு கைகளையும் என்னை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தாள் பவானி. தூக்கினேன். காலரைப் பிடித்துக்கொண்டாள், உடனே நிறுத்திவிட்டாள்.

நான் கத்தியது மட்டும் காதில் விழுந்து, கையில் ரொட்டியோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள் வத்சலா. நடந்ததைச் சொன்னேன். கண்ணில் நீர் நிற்க, கோபமாகக் கேட்டாள்: "அதுக்குள்ள ஏன் நிறுத்தினீங்க? நான் இன்னும் கேக்கவே இல்லையே!"

கேசரி

வத்சலா அதிகம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த நாள் கீழ்த்தளத்தில் துணி துவைக்கக் கூடையை எடுத்துக்கொண்டு அவள் கதவைத் திறந்தாள். என் இடுப்பிலிருந்தபடியே பவானி கூரை அதிர அழுதாள். அம்மா போகக் கூடாதாம். வத்சலா கூடையைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து அவளை வாங்கிக்கொண்டாள். துணி அன்று துவைக்கப்படவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்தபடியே ரவையை எடுத்து நெய்யில் வறுக்கத் தொடங்கினாள்.

கதவு தட்டப்பட்டது. பூமணி அக்கா, பதறிப்போய். "என்ன, பிள்ளை விழுந்திட்டுதோ?" இல்லை, அழுதாள், அவ்வளவுதான் என்று சொல்லி ஒரு கிண்ணம் கேசரியை வத்சலா நீட்டினாள். அக்கா கேசரியைப் பார்த்தார், பவானியைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார். ஒரு வாய் போட்டுக்கொண்டு சொன்னார்: "அழுததுக்கோ கேசரி? அப்ப நான் விடிஞ்சாப் பொழுதுபட்டாக் கிண்டிக்கொண்டெல்லோ இருக்கோணும்!"

அன்றிலிருந்து எங்களுக்கும் உங்களைப் போலவே தூக்கம் போயிற்று, உங்களைப் போலவே எல்லோரிடமும் அலுத்துக்கொண்டோம். என்ன, அலுத்துக்கொள்ளும்போது சிரிப்பை அடக்கத்தான் கடைசிவரை பழகவில்லை.