முனியாண்டி மரத்து இருவாச்சி

ஹேமநாதனுக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. மலேசியாவின் ஸ்கூடாயிலிருந்து விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலத்தில் ஆயிரக்கணக்கான தலைக்கவசங்களுக்கு நடுவே முன்னால் நிற்பவனின் புகையைக் குடித்து, சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்த்துவிட்டு, அதே பாலத்தில் அதே புகையைக் குடித்துத் திரும்பும் மனிதர் ஓய்வு நாளில் வேறு எதைக் கேட்பார்? ஒரு மனித முகம்கூடக் கண்ணில் படாத இடம் எங்காவது இருக்கிறதா என்றுதான் கேட்பார்.

நாற்பது வயதுக்கு மேல் அவர் கைக்குக் கேமரா வந்தது. கூட வேலை செய்த சீனர் ஒருவர், முதுகுவலியால் பறவைப் படம் எடுப்பதை விட்டபோது, கேமராவையும் முழங்கை நீள லென்ஸையும் இவர் தலையில் கட்டிவிட்டார். கட்டியவர் நிம்மதியானார், வாங்கிக்கொண்டவருக்குப் பைத்தியம் பிடித்தது. வீட்டுச் சுவரெல்லாம் மீன்கொத்தியும் மரங்கொத்தியும் ஏறின. "காட்டுல உள்ளதுக்கெல்லாம் படம் இருக்கு, என் மூஞ்சிக்கு ஒண்ணு இருக்கா?" என்று மனைவி கஸ்தூரி கேட்பாள். அவர் சிரித்து மழுப்புவார். மனிதர்களைப் படம் எடுக்க அவருக்கு வரவில்லை. எடுக்கவும் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

முதலில் எல்லாரும் போகும் பூங்காக்களுக்குத்தான் போனார். அங்கே கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரம் மாதிரி ஆளுக்கு ஆள் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு ஏமாற்றினார், இன்னொருவர் புழுவை இறைத்துக் கூப்பிட்டார். வந்த பறவையோ பாவம், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் விழித்தது. ஹேமநாதன் கேமராவை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதன் பிறகு தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். யாருக்கும் வேண்டாத இடமாகப் பார்த்துப் போவது. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் விளிம்பு, பழைய ஈயச் சுரங்கக் குட்டை, சதுப்பு, மின்கம்பிக்காகக் காடு வெட்டிய சந்து. பழைய வீரா காரை நிறுத்திவிட்டு, அத்திப்பழம் கொட்டிக் கிடக்கிறதா, எச்சம் எந்த மரத்தடியில் விழுந்திருக்கிறது என்று தரையைப் பார்த்தே நடப்பார். குலை வெட்டும் வங்காளதேசத்துத் தொழிலாளிகளிடம் பெரிய பறவை எந்தப் பக்கம் போகிறது என்று மலாயில் விசாரிப்பார். கண்டுபிடித்துவிட்டால் வாய் திறக்க மாட்டார். படத்தை வெளியிடும் முன் பின்னணியை வெட்டிவிடுவார். எங்கே எடுத்தது என்று சக படக்காரர்கள் கேட்டால், ஜோகூர் மாநிலம் என்பார். அதற்குமேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் பிடுங்க முடியாது.

இப்படி ஊரெல்லாம் தேடியவருக்குக் கடைசியில் அகப்பட்டது அவர் பிறந்த இடமே. லாயாங் லாயாங் ஊரிலிருந்து உள்ளே போனால் கெளாடி தோட்டம். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டாகிவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தாகிவிட்டது. சனங்கள் குளுவாங், கூலாய், மாசாய் என்று சிதறிவிட்டார்கள். காட்டு விளிம்பில் ஓடையோரம் முனியாண்டியும் அவர் குடியிருக்கும் பெரிய மரமும் மட்டும் மிச்சம். புல்டோசர்காரர் அந்த மரத்தைத் தொட மாட்டேன் என்று இறங்கிப் போய்விட்டாராம். ஆண்டுக்கு ஒரு படையல், மற்ற நாளில் ஈ காக்கை கிடையாது. ஹேமநாதன் பெரிய பக்திமான் அல்ல. ஆனாலும் சூலத்தடியில் ஒரு சுருட்டைக் கொளுத்தி வைத்து, "போயிட்டு வரேன் ஐயா" என்று சொல்லாமல் அவர் கால் காட்டுக்குள் போகாது.

அந்த மரத்தின் உச்சிப் பொந்தில்தான் கறுப்பு இருவாச்சி குடி வந்திருந்தது. மலாய்க்காரர்கள் எங்காங் என்பார்கள். மனித வாடை பட்டாலே விலகிப் போகும் பறவை. பெட்டை பொந்துக்குள் போய் வாசலைச் சேற்றாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, வளர்க்கும்வரை உள்ளேதான் இருப்பு. வெள்ளை அலகுக்கார ஆண், தொண்டை நிறையப் பழம் சுமந்து வந்து, கீறல் வழியே ஒவ்வொன்றாக ஊட்ட வேண்டும். ஆண் வராவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு இல்லை.

ஓடைக்கு இந்தப் பக்கம் ஈச்சம் புதருக்குள் பதுங்கி ஹேமநாதன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் உள்ளிருந்து புதிதாக ஒரு கீச்சுக் குரல் கேட்டது. குஞ்சு! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அங்கேதான் அவர் சறுக்கினார்.

படக்காரர்களிடம் சொல்லவில்லை. அவ்வளவு விவரம் இல்லாதவரா? கெளாடி தோட்டத்துப் பழைய சனங்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, 'நம்ம முனியாண்டி மரத்துல ஒரு அம்மா கதவை அடைச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க' என்று எழுதினார். அந்தக் குழுவில் கேமரா வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. காலை வணக்கமும் பூப்படமும் அனுப்பும் சனங்கள். அவர்களால் என்ன வந்துவிடும் என்று நினைத்தார்.

படையல் குழுத் தலைவர் ஜெயபாலன் முதலில் கும்பிடு போட்டார். ஐயா பறவை ரூபத்தில் குடும்பத்தோடு வந்திருக்கிறார் என்று எழுதினார். அடுத்து அங்கம்மா. ஹேமநாதன் வீட்டுக்கு அடுத்த லயத்து வீட்டில் இருந்தவள். அத்தை என்றுதான் கூப்பிடுவார். அவள் மகள் யோகேஸ்வரி பல வருடம் கழித்து உண்டாகி, சிக்கலாகி, குளுவாங் ஆஸ்பத்திரியில் அசையாமல் படுத்திருந்தாள். பொந்துக்குள் பிள்ளையோடு இருக்கும் அந்தத் தாய் நல்லபடியாக வெளியே வந்தால் என் மகளும் வருவாள் என்று அங்கம்மா அழுதுகொண்டே பேசி அனுப்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் கார்கள் நின்றன. அடுத்த ஞாயிறு கூடாரம், ஜெனரேட்டர், உறுமி மேளம். சாம்பிராணிப் புகை பொந்துவரை ஏறியது. தீயில் நின்றவர் போல ஹேமநாதன் அங்கும் இங்கும் அலைந்தார். லென்ஸை ஓடைக்கு அப்பால் திருப்பினார். தூரத்து மரத்தில் ஆண் பறவை உட்கார்ந்திருந்தது. அலகு நுனியில் ஒரு பழம் இருந்தது. அது பார்த்தது, கிளை மாறியது, மறுபடி பார்த்தது. பிறகு பழத்தோடு திரும்பிப் பறந்துவிட்டது. அத்தனை சனத்தில் அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஏன் பார்த்தோம் என்று இருந்தது அவருக்கு.

ஜெயபாலனைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். கெட்ட மனிதர் அல்ல அவர், பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நீ சொல்றது புரியுதுலா. ஆனா ஒண்ணு யோசி. இந்த மரம் இன்னைக்கு நிக்குதுன்னா யாரால நிக்குது? நம்ம ஐயாவால. நம்ம சாமி இல்லன்னா உன் எங்காங்குக்கு ஏது வீடு?"

அது சத்தியமான பேச்சு. ஆனாலும் ஜெயபாலன் ஹேமநாதன் பேச்சுக்கு மரியாதை கொடுத்து மேளத்தை நிறுத்தினார், ஜெனரேட்டரை அணைத்தார், எல்லாரையும் வாய் மூடி இருக்கச் சொன்னார். சனங்களும் கட்டுப்பட்டார்கள். பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை. அத்தனை பேரும் மரத்தடியிலேயே நின்று, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண் வரவே இல்லை. விலகிப் போகச் சொன்னால், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்து கைகூப்பி நிற்கும் அங்கம்மாவை முதலில் விலக்க வேண்டும். அவரால் முடியவில்லை.

வார நாளிலும் ஆள் வர ஆரம்பித்தது. வேலை முடிந்து சிலர், வேண்டுதலோடு சிலர். வனவிலங்கு அலுவலகத்தில் புகார் செய்யலாம் என்று கைப்பேசியை எடுத்த ஹேமநாதன் அப்படியே கீழே வைத்தார். முனியாண்டி இருப்பது தோட்ட நிலத்தில். கையில் ஒரு காகிதம் கிடையாது. யாரும் கேட்காததால் இத்தனை காலம் ஓடிவிட்டது. அதிகாரி ஒருவர் வந்து, இது யாருடைய கோயில் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், கோயில் போய்விடும். கோயில் போனால் மரத்தை யார் விட்டு வைப்பார்? எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் அந்தப் பக்கம் சுவர். கஸ்தூரியிடம் சொன்னார். அவளும் யோசித்துப் பார்த்துவிட்டு, என்ன செய்ய முடியும் என்று அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கடைசியில் ஒரு மத்தியானம் பொந்து வாயிலில் மண் உதிர்ந்தது. எல்லாரும் எழுந்தார்கள். உள்ளிருந்து கறுத்த அலகு இடித்தது, வாசல் உடைந்தது, பெட்டை வெளியே வந்து கிளையில் தடுமாறி உட்கார்ந்தது. இறகெல்லாம் மங்கி, உடம்பு வற்றிப் போயிருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். சூடம் கொளுத்தினார்கள். பெட்டை சத்தம் வந்த பக்கம் தலையைச் சாய்த்தது. ஓடையைத் தாண்டிப் பறந்தது. பிறகு காட்டுக்குள் மறைந்துவிட்டது.

பசி தாங்காமல் குஞ்சை விட்டுவிட்டுப் போகிறது என்று ஹேமநாதனுக்குத் தெரிந்தது. உள்ளே குஞ்சு கத்த ஆரம்பித்தது.

"கேக்குதா தம்பி? பிள்ளை சிரிக்குது" என்றாள் அங்கம்மா. அவள் முகம் முழுக்கக் கண்ணீர். ஆஸ்பத்திரி வாசம் அவள் சேலையில் இன்னும் இருந்தது.

"ஆமா அத்தை."

மரத்தில் ஏறலாமா என்று ஒரு கணம் நினைத்தார். ஏறி? ஊட்ட அவருக்குத் தெரியுமா? முனியாண்டி மரத்தில் கால் வைக்க அங்கே ஒருவரும் விட மாட்டார்கள். விட்டாலும் அவர் கால் அவருக்கே இணங்காது. காட்டுக்குள் போகும்போதெல்லாம் அவர் சொல்லிவிட்டுப் போன சாமி. அந்த நேரத்தில் ஜெயபாலன் அவர் தோளைத் தொட்டு, எல்லாரையும் மரத்தோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். மனிதர்களைப் படம் எடுக்காத ஹேமநாதன் பின்னால் நகர்ந்து நகர்ந்து, அத்தனை முகங்களும் அடங்கும்வரை போய், எடுத்தார். குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது. படத்தில் சத்தம் விழாது என்பது மட்டும்தான் ஆறுதல்.

அடுத்த ஓய்வு நாளில் அவர் தனியாகப் போனார். மரத்தடியில் யாரும் இல்லை. வேண்டியது நடந்துவிட்டது, இனி எதற்கு வருவார்கள்? அவர் ஆசைப்பட்ட மாதிரியே ஆள் அரவமற்ற இடம். சூலத்தடியில் சுருட்டு வைத்தார். புதருக்குள் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு பொந்தைப் பார்த்தார். எறும்புகள் மரத்தில் வரிசையாக மேலே பொந்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டார்.

காருக்குத் திரும்பும்போது அங்கம்மா கைப்பேசியில் கூப்பிட்டாள். யோகேஸ்வரிக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். அவருக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது, அதுதான் கொடுமை. பிள்ளையை முதலில் முனியாண்டி மரத்தடிக்குத்தான் தூக்கி வருவாளாம். அப்போது ஒரு படம் எடுத்துத் தர வேண்டுமாம்.

"எடுத்துருவோம் அத்தை."

"நம்ம மரத்துப் பிள்ளை என்னாச்சு தம்பி? பறந்துருச்சா?"

ஹேமநாதன் மரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"பறந்துருச்சு அத்தை" என்றார்.